ரெண்டரைப் பட்டை

அம்பிகைபாகனின் வலது கை மோதிர விரலுக்கு நுனி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால், கம்பியை இழுத்துக் கொடுக்கிற உருளை அதைக் கடித்துத் துப்பிவிட்டது. விரல் போனதற்காக மனுஷன் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. விபூதி பூசும்போது மட்டும் அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விரலால் எடுத்து நெற்றியில் இழுத்தால் மேலே இரண்டு பட்டை முழுசாக விழும், கீழே உள்ளது பாதியில்தான் ஆரம்பிக்கும். அதனால் புக்கிட் தெங்கா ஊர்ப் பட்டறையில் அவருக்கு ‘ரெண்டரைப் பட்டை’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அங்கே என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் செய்த கூத்து விளங்காது. கடலுக்குள் நிற்கப்போகிற இரும்பெல்லாம் அந்தப் பட்டறைக்கு வரும். படகுத்துறை ஏணி, தூண், நடைபாலத்து உத்திரம், எல்லாம்தான். முதல் வேலை பிளாஸ்டிங். இரும்புப் பொடியைக் காற்றழுத்தத்தில் விசிறி அடித்து, துருவையும் அழுக்கையும் உரித்து எடுத்து, இரும்பை வெள்ளை வெளேரென்று ஆக்கவேண்டும். அடித்து முடித்த இரும்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்புதான் பிடிமானம். பிறகு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த இரண்டு கம்பிகளை, துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற ஒரு கன்னுக்குள் விட்டு, மின்பொறியில் உருக்கி, காற்றால் சிதறடித்து அதன்மேல் தெளிப்பார்கள். உருகிய துளிகள் சொரசொரப்பைக் கவ்விக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக உறைந்து, தோலாக மூடிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் வந்து அரிக்கும்போது துத்தநாகம் முந்திக்கொண்டு தான் கரைந்துபோகும், இரும்பைக் கரையவிடாது. ஒழுங்காக அடித்தால் கடலில் இருபது வருஷம் துரு அண்டாது.

ஒழுங்காக அடிப்பதில் முதல் ஒழுங்கு, பிளாஸ்டிங் முடிந்த இரும்பில் வெறுங்கை படக்கூடாது. கையில் வேர்வை இருக்கும், எண்ணெய் இருக்கும், உப்பு இருக்கும். அந்தச் சொரசொரப்பில் அது போய் உட்கார்ந்துகொண்டால், மேலே தெளிக்கிற உலோகத்துக்குப் பிடி கிடைக்காது. இன்றைக்கு ஒட்டின மாதிரி நடிக்கும், நாளைக்கு உள்ளே ஈரம் இறங்கிக் கொப்புளித்துக்கொண்டு வரும். இந்தப் பாடத்தைப் பட்டறையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம்ம பாகன்தான். “கையை எடு! கையை எடுடா! அது என்ன உன் மாமியார் வீட்டுச் சுவரா, சாஞ்சி நிக்கிறே?” என்று அவர் கத்தாத நாள் கிடையாது. ஒரு தடவை பிளாஸ்டிங்காரர் முஸ்தஃபாவின் முழங்கை தெரியாமல் ஒரு தூணில் பட்டுவிட்டது. பாகன் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த உச்சி வெயிலில் மனுஷனைத் திரும்பவும் கனத்த உடுப்பு போடவைத்து, தூண் முழுவதையும் மறுபடி அடிக்கவைத்தார்.

முஸ்தஃபா மறுவார்த்தை பேசாமல் அடித்தார். பட்டர்வொர்த்துக்காரர், தமிழ் முஸ்லிம், பாகனைவிட ஏழு வயது இளையவர். பதினேழு வருஷமாக அவர் வெளுக்க, இவர் தெளிக்க என்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பாகன் தீவிலிருக்கிற டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரைக்கு வந்து சேர்வதற்குள், முஸ்தஃபா ஃபிளாஸ்க்கில் தே-ஓ, பால் விடாத தேநீர், வாங்கி வைத்திருப்பார். “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்பதுதான் முதல் பேச்சு. வெள்ளிக்கிழமையென்றால், “அண்ணனுக்கு இன்னிக்கு மரக்கறி” என்று யாழ்ப்பாணத்து வார்த்தையை எடுத்துவிட்டுக் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே, முட்டை போடாத ரொட்டியாகப் பார்த்து வாங்கி வந்திருப்பார்.

பாகன் வீடு யாழ்ப்பாணத்து வழி வந்த, படித்த வீடு. அப்பா ரயில்வேயில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா வேலை பார்த்தவர். அண்ணன் வங்கி, தங்கை ஆசிரியை. இவர் ஒருத்தர்தான் ஐந்தாம் படிவத்தில் கோட்டைவிட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவர். கல்யாண வீடுகளில் யாராவது “நீங்க எந்த ஆபீஸ்ல?” என்று கேட்டால் குரல் தானாக இறங்கிவிடும். அதற்கு ஈடுகட்டுவதுபோல, பட்டறையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று காட்டிக்கொண்டார். தப்பே செய்யாத மனுஷன் என்று ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தார். பாவம், அந்தப் பெயரே அவரைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

டவுன் கடலோரத்தில் ஒரு படகுத்துறைக்கு நடைபாலம் கட்டினார்கள். கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்கிப்போகிற பாலம், நாலு உத்திரம். அந்த உத்திரங்களைத் தெளிக்கவேண்டிய நாள் ஆயுத பூஜையாகவும் அமைந்தது, வெள்ளிக்கிழமையாகவும் அமைந்தது. முஸ்தஃபா விடிந்தும் விடியாமலும் வந்து, பதினொரு மணிக்கெல்லாம் நாலையும் வெளுத்து வைத்துவிட்டார். பாகன் டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து, சரி என்று கையெழுத்தும் போட்டார். உண்மையிலேயே சுத்தமான வேலை. நாலு மணி நேரத்துக்குள் தெளித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கடல் காற்றில் கறுக்க ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு பூஜை. பட்டறையில் வருஷா வருஷம் பாகன்தான் பூசாரி. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, விபூதித் தட்டைக் கையில் எடுத்தார். கம்ப்ரஸருக்குப் பட்டை, கம்பி உருளைக்குப் பட்டை, கன்னுக்குப் பட்டை, ஃபோர்க்லிஃப்டுக்குப் பட்டை. இரும்புப் பொடி நிரப்புகிற முஸ்தஃபாவின் பிளாஸ்டிங் தொட்டிக்கும், அந்த நீலத் தொட்டியின் வயிற்றில் பெரிதாக ஒன்று. மற்றவர்கள் சுண்டலுக்குப் போய்விட்டார்கள். முஸ்தஃபா ஜும்மாவுக்குக் கிளம்பிவிட்டார். பாகனுக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தன் ஊர்க் கடலிலேயே நிற்கப்போகிற இரும்பு அல்லவா? தட்டோடு நடந்தவர், அப்படியே உத்திரங்கள் பக்கம் போய், தண்ணீர் தொட்டுக் குழைத்த விபூதியை மூன்று விரலில் அள்ளி, முதல் உத்திரத்தில் ஒரு இழு. இரண்டாவதில் ஒரு இழு. மூன்றாவது, நாலாவது.

நாலாவதில் கை நின்றுவிட்டது. ஐயோ!

வெள்ளை இரும்பில், வலது முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாலு இடத்தில் ரெண்டரைப் பட்டை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பட்டறைக் கூரை பறந்திருக்கும். பாகன் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. முஸ்தஃபா திரும்பி வந்ததும், “தம்பி, புத்தி கெட்டுப்போய்க் கையை வச்சிட்டேன், இந்த நாலு இடத்தையும் கொஞ்சம் அடிச்சுக் கொடு” என்று கேட்கவேண்டும். அரை மணி நேர வேலை. முஸ்தஃபா ஒரு வாரம் கேலி செய்திருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

அந்தக் கேலியைத்தான் பாகனால் தாங்க முடியவில்லை. முழங்கை பட்டதற்கு ஒரு தூணையே மறுபடி அடிக்கவைத்த வாய், இதை எப்படிச் சொல்லும்? இந்த மனுஷனை என்ன சொல்வது! துணியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றி அவசர அவசரமாகத் துடைத்தார். காற்றுக் குழாயைப் பிடித்து ஊதினார். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. சாம்பல் மேலேயிருந்து போய்விட்டது, சொரசொரப்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தே முகமூடியைப் போட்டுக்கொண்டு கன்னைத் திறந்தார். முஸ்தஃபா தொழுது முடித்து வருவதற்குள் முதல் உத்திரம் மூடியாகிவிட்டது. பிறகு தடிமன் அளந்தார்கள், ஒட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. எந்தெந்த இடத்தில் இழுத்துப் பார்ப்பது என்று காட்டியவரும் பாகன்தானே?

நடைபாலம் எழும்பியது. பாகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ராகினியையும் அண்ணன் குடும்பத்தையும் அங்கே நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். “இது நான் அடிச்சது. இருபது வருஷம் எழுதிக் கொடுக்கிறேன்” என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். அண்ணன் முதல் தடவையாக, “பரவாயில்லையேடா அம்பி” என்றார். பாகனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் உத்திரத்தின் வலது முனைப் பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

பதினைந்து மாசம் கூடத் தாங்கவில்லை. படகுத்துறைக்காரர்களின் சார்பில் பூச்சைச் சோதிக்கிற சித்தி ஹாஜரா என்ற மலாய்க்கார அம்மாள் படங்களோடு அறிக்கை அனுப்பியிருந்தார். உத்திரங்களில் கொப்புளம், ஓரத்தில் வெள்ளைப் பொடி, ஒரு இடத்தில் சிவப்பாகத் துரு. பட்டறை முதலாளி தவுக்கே ஆபீஸ் அறைக்கு பாகனையும் முஸ்தஃபாவையும் கூப்பிட்டார். சீனர், சாது, சத்தம் போடமாட்டார். படங்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டு, “பாகன், நீதான் சீனியர். நீ சொல்லு. பிளாஸ்டிங் தப்பா, ஸ்ப்ரே தப்பா?” என்று கேட்டார்.

படத்தைப் பார்த்ததுமே பாகனுக்கு விளங்கிவிட்டது. அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். வாய் திறந்தது, வந்த வார்த்தை வேறு.

“அன்னிக்கு வெள்ளிக்கிழமை தவுக்கே. முஸ்தஃபா ஜும்மாவுக்கு அவசரமா ஓடினான். பிளாஸ்டிங்ல அங்கங்க கொஞ்சம் விட்டிருப்பான் லா.”

முஸ்தஃபா சட்டென்று திரும்பினார். “அண்ணே, நீங்கதானே டார்ச் அடிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?”

“பார்த்தேன் லா. ஒவ்வொரு புள்ளியும் கண்ணுக்குத் தெரியுமா?”

முஸ்தஃபா பாகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே பிளாஸ்டிங்குக்கு வெளியாள் வந்தான். முஸ்தஃபா கையில் துடைப்பத்தைக் கொடுத்து முற்றத்துக்கு அனுப்பினார்கள். பழைய இரும்பை அடுக்குவது, சிந்தின பொடியைக் கூட்டி அள்ளுவது. அதோடு முடியவில்லை. தவுக்கே பாகனைத் தனியாகக் கூப்பிட்டு, “அடுத்த மாசம் அந்த மேடம் நேரா வந்து பார்ப்பாங்க. பிளாஸ்டிங் தப்புன்னு அவங்களும் எழுதினா, முஸ்தஃபாவை நான் வச்சுக்க முடியாது. யார் மேல நடவடிக்கைன்னு படகுத்துறைக்காரங்க ஏற்கெனவே கேட்டுட்டாங்க” என்றார். பாகன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆட்டுகிற தலைக்கு வெட்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. நிறையவே இருந்தது.

காலையில் தே-ஓ வருவது நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. முஸ்தஃபா முற்றத்திலிருந்தே “வாங்க அண்ணே” என்பார், குனிந்து கூட்டுவார். அந்த மரியாதைதான் பாகனைக் கொன்றது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் முஸ்தஃபா கைகால் கழுவிக்கொண்டு தொப்பியோடு கிளம்பும்போது, கூலியாட்களில் ஒருவன், “மெதுவாப் போங்க பாய், அவசரத்துல எதையாவது விட்டுறாதீங்க” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பாகன் கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தான் சொன்ன பேச்சு இப்போது பட்டறை முழுக்க நடமாடுகிறது. அதைத் திருப்பி எடுக்க ஒரே வழிதான் இருந்தது, அந்த வழியில் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவர் விபூதி பூசுவதை விட்டுவிட்டார். ராகினி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சாவியை எடுத்துக் கொடுக்கும்போது, “என்ன, நெத்தி வெறுமையா இருக்கு?” என்றாள்.

“வேர்வையில கண்ல இறங்குது.”

“முப்பது வருஷமா இறங்காத வேர்வையா?”

பாகன் படியிறங்கிவிட்டார். விபூதிக் கிண்ணத்தில் கையை வைத்தாலே அந்த நாலு உத்திரம் கண்முன்னால் வந்து நின்றது. சாமிமேல் கோபமில்லை. சாமி என்ன செய்யும், கையுறை போடாதது இவர் கை.

சித்தி ஹாஜரா வந்த நாள், காலை எட்டு மணி, கடல் வற்றின நேரம். முக்காட்டின்மேல் பாதுகாப்புத் தொப்பி வைத்த நாற்பது வயதுப் பெண்மணி. தளுக்குப் பேச்சு கிடையாது. மிதவை மேடையில் தவுக்கே, பாகன். ஏணி பிடிக்கவும் சாமான் தூக்கவும் முஸ்தஃபாவையும் கூட்டி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் அளவு நாடாவை எடுத்து, நாலு உத்திரத்திலும் கொப்புளம் எங்கே என்று அளந்தார். திரும்பவும் ஒரு தடவை அளந்தார்.

“விசித்திரமா இருக்கே” என்றார் மலாயில். “பிளாஸ்டிங் தப்புன்னா அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரும். இது நாலுலயும் ஒரே இடம். யாரோ அளந்து வச்ச மாதிரி.”

தவுக்கே பாகனைப் பார்த்தார். பாகன் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீரில் பார்க்க ஒன்றுமே இல்லை.

சித்தி ஹாஜரா கத்தியை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பொரிந்து கழன்று வந்தது. கீழே இரும்பு முழுக்க வெள்ளைப் பொடியும் துருவும் மூடிக் கிடந்தது, அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. “இதைப் பையில போட்டு ஒட்டுங்க, லேப்புக்குப் போகணும்” என்று தகட்டை முஸ்தஃபா கையில் கொடுத்துவிட்டு, தவுக்கேயோடு ஏணியில் ஏறி அடுத்த உத்திரத்தைப் படமெடுக்கப் போனார்.

முஸ்தஃபா தகட்டைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேடையின் மறுகோடிக்கு, பாகன் நின்ற இடத்துக்கு, மெதுவாக நடந்து வந்தார்.

“அண்ணே. இதைப் பாருங்க.”

தகட்டின் அடிப்பக்கம் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது, இரும்பின் அச்சு அப்படியே இறங்கியிருந்தது. நடுவில் மட்டும் வழவழவென்று பட்டைகள். மேலே இரண்டு முழுசு. கீழே ஒன்று பாதியில் ஆரம்பித்தது.



“அன்னிக்கு ஜும்மா முடிஞ்சு வந்தப்போ தின்னர் வாடை தூக்குச்சு” என்றார் முஸ்தஃபா. குரலை உயர்த்தவில்லை. “கன் கழுவுறீங்கன்னு நெனச்சேன் அண்ணே.”

“முஸ்தஃபா, நான் வந்து...”

“இருங்க. நான் பேசி முடிச்சிடறேன். வருஷா வருஷம் என் தொட்டிக்குப் பட்டை போடுவீங்க. எங்க வீட்டு ஆளுங்க பார்த்தா என்னை நாலு கேள்வி கேப்பாங்க. பதினேழு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அதைத் துடைச்சதில்ல. அண்ணன் போட்டது, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.” இங்கே அவருக்குக் குரல் உடைந்தது. “நீங்க என் தொழுகையைக் கொண்டுபோய் ஆபீஸ்ல விரிச்சு வச்சிட்டீங்க.”

முஸ்தஃபா பையைப் பிரித்தார்.

“பையில போடச் சொன்னாங்க, போடப் போறேன். இது யார் கைன்னு மேடத்துக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க.”

முஸ்தஃபா முதுகைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நடந்தபிறகும் பாகன் உடனே வாய்விட்டுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஏணியில் இருந்தவர்கள் மற்ற மூன்று உத்திரத்தையும் படமெடுத்து இறங்கி வருகிறவரைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். லேப்பில் சாம்பல் என்று மட்டும் வந்தால் யாருடைய சாம்பல் என்று யார் கண்டது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததும்தான் தன்னையே அவருக்குச் சகிக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தோன்றியது.

“தவுக்கே” என்றார். “பிளாஸ்டிங் நல்ல பிளாஸ்டிங். தப்பு என் கை.”

முஸ்தஃபாவிடமிருந்து பையை வாங்கித் தகட்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, தன் மூன்று விரல்களை அதன்மேல் வைத்தார். குட்டை விரல் அரைப் பட்டையில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. தவுக்கே தன் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்காது.

சித்தி ஹாஜரா பேனாவை எடுத்தார். “கையில என்ன இருந்துச்சு?”

“சாமி சாம்பல். பூஜை நாள்.”

“உங்களுக்கு இவ்வளவு அனுபவம் இருக்கே. ஏன் திரும்ப பிளாஸ்ட் பண்ணச் சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சு.”

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். “இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். கடைசியில், பிளாஸ்டிங்குக்குப் பின் பரப்பு அழுக்கானது, தெளித்தவர் தெரிவிக்கவில்லை என்று எழுதினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ராகினியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தவுக்கேகிட்ட சொன்னீங்க, மேடத்துகிட்ட சொன்னீங்க. அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மறுநாள் காலை இவரே ஃபிளாஸ்க்கில் தே-ஓ வாங்கிக்கொண்டு போய், முற்றத்தில், ஆட்கள் இருக்கும்போதே கேட்டார். “தம்பி, நான் செஞ்சது பெரிய துரோகம். என்னை மன்னிச்சிரு.” கும்பிட்டார்கூட. முஸ்தஃபா பதறி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். தே-ஓவை வாங்கிக் குடித்தார். தலையை ஆட்டினார். பாகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிற்று, எல்லாம் பழையபடி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

தவுக்கே பாகனை வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்து அதிகாரத்தை மட்டும் பிடுங்கி முஸ்தஃபாவிடம் கொடுத்துவிட்டார். இனி முஸ்தஃபா பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பாகன் கன்னைத் தொடலாம். நாலு உத்திரமும் கழற்றிப் பட்டறைக்குத் திரும்பி வந்தன. மறுபடி அடிக்கிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது.

முஸ்தஃபா காலையில் வெளுத்து வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். பாகன் யாரும் சொல்லாமலே உத்திரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையுறை போட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே நின்றார். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒருவன் குறுக்கே நடந்தான், “தள்ளிப் போடா” என்றார். பழைய அதட்டல் இல்லை அந்தக் குரலில்.

முஸ்தஃபா வந்தார். டார்ச் அடித்து நாலையும் பார்த்தார், வலது முனைகளைக் குனிந்து கூடுதலாகப் பார்த்தார். தாளில் கையெழுத்துப் போட்டார்.

“அடிக்கலாம் அண்ணே” என்றார்.

குரல் பழைய குரல்தான். அண்ணே என்பதும் பழைய அண்ணேதான். பாகனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கன்னைத் தூக்கிக்கொண்டு, முஸ்தஃபா போகிற திசையைச் சிரித்த முகத்தோடு பார்த்தார். முஸ்தஃபா தன் தொட்டியை மூடப் போய்க்கொண்டிருந்தார். நீலத் தொட்டியின் வயிற்றில், போன ஆயுத பூஜைக்கு பாகன் போட்ட ரெண்டரைப் பட்டை இருந்த இடம் சுத்தமாக இருந்தது. தின்னர் போட்டுத் துடைத்திருந்தது.